வண்டிக்குள் எரியும் விளக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் கார்தான் நன்றாக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிர் ஒத்துக்கொண்டதா என்றெல்லாம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வண்டிப் பஞ்சாயத்தைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

நீ போன இந்த எட்டு மாதத்தில் பேட்டரி நான்கு தடவை படுத்துவிட்டது. தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதை விற்ற மெக்கானிக்கே சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார். கொஞ்ச நாளில் மறுபடியும் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். போன மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "செத்த பேட்டரிய எங்க தலையில கட்டிட்டீங்களே, நியாயமா இது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுவிட்டேன்.

பாவம் மனுஷர், பானட்டைத் தூக்கி, ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் டேஷ்போர்டைக் காட்டி, "பேட்டரி மேல தப்பு இல்லக்கா. உங்க சாமிதான் குடிக்கிறாரு" என்றார்.

நீ கிளம்பிய அன்று டேஷ்போர்டில் இருக்கும் சாமி படத்துக்கு முன்னால் நான் வைத்த சிவப்பு விளக்குதான். நீ திரும்பி வந்து அந்த வண்டியில் உட்காரும்வரை அது அணையக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, சாவி போடாமலே எரியட்டும் என்று பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வைத்தவள் நானே. பேட்டரி போனதால் விளக்கு போனது என்று நினைத்து, நான்கு தடவையும் உனக்கு என்னவோ ஏதோ என்று பதறினேன். விளக்கால்தான் பேட்டரி போனது என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஒன்று விளக்கை எடுக்க வேண்டும், இல்லை வாரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டியை நன்றாக ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் ஓட்டுவது? இந்த வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் உன் அப்பா. வேலைக்கு அவ்வளவு தூரம் போகாதே என்று அவர் குதித்ததும், நீ பதிலுக்குக் குதித்ததும், "இனிமே அவ வண்டிய நான் தொட மாட்டேன்" என்று அவர் சொன்னதும் மறக்கவா போகிறேன்? நீ என் போனில் மட்டும் பேசுகிறாய். அவர் அடுத்த அறையில் டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் பிராணன் போகிறது.

"வண்டிய ஓட்டுங்க. முடியாதுன்னா உங்க கையால அந்த விளக்க அணைங்க" என்று சொல்லிவிட்டேன். டீவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஷெட்டில் வண்டியைக் காணோம். திருட்டுப் போய்விட்டதென்று பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். முக்கால் மணி கழித்து அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கினார் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு காலாக உருவி எடுத்தார். சீட்டு நீ இழுத்து வைத்தபடியே ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கிறது. ஆறடி மனுஷர் அதற்குள் எப்படித்தான் மடங்கினாரோ! "சீட்டப் பின்னால தள்ளினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்றேன். "அவ வச்ச அளவு. மாத்தினா வந்து சத்தம் போடுவா" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறும் புதனும் ஓட்டுகிறார். இரண்டு முழங்காலும் வீங்கி, நான்தான் தைலம் தேய்க்கிறேன். நான் சொன்னால் கேட்பதில்லை.

அவர் பத்து மணிக்கு வண்டி எடுப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதே. ஒன்பதரைக்கு அவரைக் கூப்பிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளச் சொல். வேறு எதுவும் பேசவேண்டாம். ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும்.

விளக்கு எரிகிறது.

உன் அம்மா