மதினி சிரித்த வீடியோ

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கொடியில் கிடக்கும் துணி மூன்று நாளாக ஈரம். மேலகரம் ஸ்டாப்பில் பஸ் நிற்கவில்லை, படி வரைக்கும் சுற்றுலாக் கூட்டம். ஷேர் ஆட்டோவில் தென்காசி.

ஆபீசில் புது வேலை. இத்தனை மாதம் படங்களில் இருப்பதைச் சுற்றிக் கட்டம் போட்டோம்: மனிதர், நிழல், குடை, நாய். இனிமேல் படம் அசலா, ஏஐ செய்ததா என்று சொல்ல வேண்டும். இரண்டே பொத்தான். சந்தேகம் என்று ஒரு பொத்தான் கிடையாது. "நீங்க சொல்லச் சொல்ல அது கத்துக்கும்" என்றார் டீம் லீடர். பக்கத்து சீட் பிரின்சி என் காதில், "கத்துக்கிட்டதும் நம்மள வீட்டுக்கு அனுப்பிரும்லா." அவர் காதிலும் விழுந்திருக்கும். சிரிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் விவாதம்: சின்னப் பிள்ளைகளுக்கு ரீல்ஸ் தடை வேண்டுமா. எல்லாரும் வேண்டும் என்றார்கள், இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டே. ஐம்பது வயதுக்கு மேலே தடை போடலாம் என்பது என் கருத்து. அப்பா நேற்று குடும்ப குரூப்பில் போட்டவை: ஐந்து தலை நாகம், சர்க்கரை நோயை விரட்டும் கொய்யா இலை, இறந்துவிட்ட (இறக்காத) ஒரு நடிகர். மூன்றுக்கும் பெரியப்பா கைகூப்பியிருக்கிறார்.

சாயங்காலம் பிரின்சி ஒரு ரீல் அனுப்பினாள். கீழே, "இது உங்க மதினிலா?"

மதினிதான். போன வெள்ளிக்கிழமை நானும் மதினியும் ஐந்தருவி போனோம். எண்ணெய் தேய்த்து அனுப்பியதே அம்மா. தண்ணீர் விழுகிற வேகத்தில் போய்விடும் என்று தாலியை உள்பக்கமாக ஊக்குக் குத்திவிட்டதும் அம்மா. நான் பாறையில் பையும் துண்டுமாக நின்றேன். பெண்கள் பக்கம்தான். யாரோ மேலே இருந்து எடுத்திருக்கிறான்.

நைட்டி, மேலே துண்டு. ஒன்றும் தெரியவில்லை. கையை விரித்து, தலையை அண்ணாந்து, வாய் நிறையச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. மேலே ஒரு கேவலமான பாட்டு.

ஜூலை 9, புதன்

மதினி ஜெயா என் அண்ணன் மனைவி, சுரண்டைக்காரி. கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். அண்ணன் ராணுவத்தில், வடக்கே. இரண்டு லீவுக்கு வந்து போனான். மதினி எங்களோடு. அதிகம் பேசமாட்டாள். சிரித்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

காலையிலேயே அப்பா போனுக்கு வீடியோ வந்துவிட்டது. எடுத்தவனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதினியின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "கொஞ்ச நாளைக்கு நெட்டு வேண்டாம்." மதினி ஏன் என்று கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் அவளுக்கு விஷயமே தெரியும்.

சாயங்காலம் அண்ணன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். 

"கேம்ப்ல ஒரு பய எங்கிட்டயே காட்டுதான்ப்பா. உங்க ஊரு அருவியான்னு கேக்கான். அது யாருன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் இங்கன எப்படி நிக்க?"

"சரி, அதுக்கு என்னலே செய்ய?"

"சுரண்டைல கொண்டு விட்டுருங்க. லீவுல வந்து பேசிக்கிடுதேன்."

அம்மா போனைப் பிடுங்கி, "நாந்தாம்ல குளிக்க அனுப்பினேன்" என்றாள். "குளிச்சதுக்காம்மா சொல்லுதேன்?" என்றான்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "ஏட்டி சுதா. எங்கிட்ட ஒருநாளாவது அவ அப்படிச் சிரிச்சிருக்காளாட்டி?"

அதுதான் விஷயம். ராணுவமும் இல்லை, மானமும் இல்லை.

சுரண்டையில் விடுவது என்றால் என்ன என்று இந்தத் தெருவுக்கே தெரியும். மூன்றாவது வீட்டு அக்கா பத்து நாளைக்கு என்று போனாள். வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

வெயிலும் சாரலும் மாறி மாறி. குடை ஆபீசிலேயே.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்.

"பொம்பளப் பிள்ள குளிக்கத எடுத்தவன செருப்பாலயே அடிக்கணும்வே."

"பின்ன? அக்கா தங்கச்சியோட பிறக்காத பய."

"சரி, லிங்க் இருக்கா?"

ரீலுக்குக் கீழே இருந்த கருத்துகள், நான் படித்த வரிசையில். அக்கா சூப்பர். எந்த வீட்டுப் பெண்ணோ, பெற்றவன் பார்த்தால் தூக்கில் தொங்குவான். எடுத்தவன் மேல் கேஸ் போட வேண்டும். பொது இடத்தில் இப்படி ஆடினால் எடுக்கத்தான் செய்வான். தண்ணீர் நன்றாக விழுகிறதா, நாளைக்கு வரலாமா.

கடைசி ஆள் மட்டும் மனிதன். அருவியைப் பார்த்திருக்கிறான்.

புகார் போட்டேன். 'என் அனுமதியின்றி எடுக்கப்பட்டது' என்று கட்டம் இல்லை. வேறு எதையோ தொட்டு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. எந்த மனிதனும் பார்த்திருக்கமாட்டான். எங்களைப் போல எங்கேயோ சிலர் உட்கார்ந்து கட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்த இயந்திரம். அதற்குத் தெரிந்தது: மனிதர், தண்ணீர். அவள் சம்மதித்தாளா என்பதைச் சுற்றி யாரும் கட்டம் போடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா முகத்தில் ஒரு தெளிவு. "யார் கேட்டாலும் ஏஐன்னு சொல்லிரு."

"என்னது?"

"அதாம்மா, மூஞ்சிய வெட்டி ஒட்டுதானுவல்லா. பேப்பர்லகூட தினம் போடுதான். நீ அந்த வேலதான பாக்க? உங்க அண்ணன்கிட்ட நீ சொன்னா நம்புவான்."

ஐந்து தலை நாகத்தை நம்பியவர். பொய்யை எல்லாம் மெய் என்று எங்களுக்கு அனுப்பிவைத்த மனிதர், கையில் ஒரே ஒரு மெய் கிடைத்ததும் அதைப் பொய்யாக்கச் சொல்கிறார். மதினி வாசல் பக்கம் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். நிமிரவில்லை.

சுரண்டையா, பொய்யா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

செய்துவிட்டேன்.

ஆபீசில் இருந்தே தயார் செய்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எங்கெங்கே குறை சொல்லலாம் என்று. நல்ல பயிற்சி இருக்கிறதே.

அண்ணனிடம்: "இடது கை விரல் ஒண்ணு மங்கலா இருக்கு பாத்தியாண்ணே. ஏஐக்கு விரல் வராது." (அது சாரல்.) "காதுக்குப் பின்னால தண்ணி மறையுது." (அது முடி.) "நெட்டுல போட்ட கல்யாண வீடியோவுல இருந்து முகத்த எடுத்திருக்கான். அம்மா குளிக்க அனுப்பினேன்னு சொன்னது வேற நாளு. மதினி அன்னைக்கு வீட்டுலதான் இருந்தாங்க."

ம், ம் என்றான். நம்பவில்லை என்று தெரிந்தது. அப்போதுதான் சொன்னேன். "கழுத்தப் பாரு. தாலியே இல்ல. மதினி தாலியக் கழத்துவாங்களா?"

மூச்சு விட்டான். "ஆமாட்டி. தாலி இல்ல."

அருவிக்குப் போகும் பெண்கள் தாலியை உள்ளே குத்திக்கொள்வது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாப் பெண்களுக்கும். மேலகரத்தில் பிறந்து, வருடா வருடம் சீசனில் குளித்து வளர்ந்த இவனுக்குத் தெரியாது. தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பக்கம் நின்றே வளர்ந்தவன்.

அறிவியலை நம்பவில்லை. தாலியை நம்பினான்.

போனில் இருந்த வீடியோவை அப்போதே அழித்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்பா எனக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து அல்வா வாங்கி வந்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 12, சனி

அண்ணன் ஸ்டேட்டஸ்: 'சகோதரிகளே உஷார், உங்கள் புகைப்படங்களை இணையத்தில் போடாதீர்கள்.' கீழே தேசியக் கொடி.

அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஆள் வரத்து. நேற்று வரை வாசலைப் பார்க்காமல் போனவர்கள். மதினிதான் டீ போட்டாள்.

"பாவம், யாரு மூஞ்சியும் எடுத்து ஒட்டிருதானுவ."

"நான் அப்பவே சொன்னேன், ஜெயாவுக்கு அப்படிக் கூச்சமில்லாம வராதுன்னு."

"இப்ப எதத்தான் நம்ப முடியுது. எங்க மாமியா பேசுததே ஏஐ மாதிரிதான் இருக்கு."

சிரிப்பு. மதினியும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்து. அதைப் பார்த்து ஒரு அத்தை திருப்தியாகத் தலையாட்டினாள். சரியான சிரிப்பு.

அடுக்களையில் மதினி தம்ளர் கழுவிக்கொண்டே, "எனக்கே சந்தேகமா இருக்கு சுதா. அன்னைக்கு நாம போனோமாட்டி?"

"போனோம் மதினி."

"யாருகிட்டயும் சொல்லாத."

வேடிக்கையாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

சாயங்காலம் ரீல் காணாமல் போயிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பாட்டின் உரிமை வேறு யாருக்கோ சொந்தமாம், அதனால் நீக்கம். பெண்ணை எடுத்தால் விதிமீறல் இல்லை. பாட்டை எடுத்தால் விதிமீறல்.

ஜூலை 13, ஞாயிறு

மழை. கறிக்கடையில் கூட்டம், அப்பா குடையோடு நின்று வாங்கி வந்தார். வீட்டில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அம்மா தேங்காய் அரைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் வீடியோ காலில். நல்ல உற்சாகம். கேம்ப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டானாம், என் தங்கச்சியே கண்டுபிடித்தாள் என்று. அப்பா போனை மதினி பக்கம் திருப்பினார்.

"ஜெயா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத."

"இல்ல."

"நான் மொதல்லயே நெனச்சேன். நீ அப்படியெல்லாம் வாயத் தொறந்து சிரிக்க ஆளா?"

அவன் சிரித்தான். "அது எவளோ."

"நாந்தான்," என்றாள் மதினி.

"என்ன?"

"அருவில நின்னது நாந்தான். சிரிச்சதும் நாந்தான். தாலிய அத்தை ஊக்குக் குத்தி விட்டாவ."

அண்ணன் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் என்று நினைத்தேன். பின்னால் கொடியில் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு கால் கட்டானது.

அப்பா: "சும்மா இருந்தா முடிஞ்சிருக்கும்லா. சவம், ஒரு வார்த்த."

அம்மா அழுகை. வீடியோ வந்த அன்று அழாதவள்.

எனக்கும் கோபம்தான், எழுதிவைக்கிறேன். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொன்ன பொய். அடுக்களைக்குப் போய், "ஏன் மதினி?" என்று கேட்டேன்.

"அவிய எவ்வளவு சந்தோஷமா சொன்னாவ பாத்தியா," என்றாள். "நான் சிரிக்காத ஆளுன்னு. நான் காலம் பூரா அதக் காப்பாத்தணும்லா?"

மீதிக் குழம்பைச் சின்னச் சட்டிக்கு மாற்றினாள். நாளைக்கு ஆகும் என்று.

ஜூலை 14, திங்கள்

அண்ணன் அப்பாவுக்கு அனுப்பியது ஒரே சொல்: 'அனுப்பிருங்க.'

ஆபீசுக்கு அரை நாள் லீவ். காரணம் என்ற இடத்தில் தலைவலி. அப்பா வரவில்லை, பீரோவைத் திறந்து மதினி போனை எடுத்து, அவள் கையில் தராமல் என் கையில் தந்தார். அம்மா ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். ஒரு பை, ஒரு கட்டைப்பை. அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அவளுடையது.

சுரண்டை பஸ்ஸில் மதினிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தார்ப்பாய் ஒழுகியது. பஸ் எடுக்க நேரமிருந்தது. நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன் சொல்ல. அவள்தான் கேட்டாள்.

"ஏட்டி, அந்த வீடியோ உங்கிட்ட இருக்கா?"

"எதுக்கு மதினி?"

"நான் பாக்கலயே. எல்லாரும் பாத்தாச்சு."

அழித்துவிட்டேன் என்றேன். இணையத்திலும் இல்லை என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாமா போன்ல இருக்கும்லா. அனுப்பி விடு."

கண்டக்டர் விசில். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூக்கம், போன் சார்ஜில். இருந்தது. நாகத்துக்கும் கொய்யா இலைக்கும் நடுவில். என் போனுக்கு எடுத்துப் பார்த்தேன். பொய் சொல்வதற்காக எத்தனை முறை பார்த்திருப்பேன். இன்றைக்குத்தான் குறை தேடாமல். கழுத்தெல்லாம் தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். யாருக்காகவும் இல்லை.

அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து டிக் நீலம் ஆனது. பதில்:

'பாட்ட எடுத்துட்டு அருவிச் சத்தம் போட முடியுமா. நான் சிரிச்ச சத்தமும்.'

முடியும். அசல் சத்தம் எடுத்தவனிடம் மட்டும்தான் இருக்கும். ஆனால் ஏஐயில் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தரும். ஐந்தருவி இரைவது அப்படியே வரும். ஒரு பெண் சிரிப்பதும் வரும். மதினிக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னும் பதில் போடவில்லை.