டொறீனுக்குக் கப்பல் உடுப்பு எடுத்தது

இயேசு மரி சூசை

மாத்தளை
19.01.2002

அன்பு மகள் டொறீனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் மழை பெய்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, அதை ஒரு வருத்தமென்று சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் நீயும் நீ வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் ஹில்டா அம்மாவும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும்போது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். முதலில் நீ தேடும் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நடுவில் உள்ளதை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய்விடுவாய். உன் உடுப்புப் பார்சல் பத்திரமாகப் போய்விட்டது. புடைவைக்கடை ஜுனைதீன் முதலாளியின் மகள் றமீஸா லீவு முடிந்து லண்டனுக்குத் திரும்பிப் போனாள், அவள் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறோம், போய் இறங்கியதும் உனக்கு போன் எடுப்பாள். மாமிக்கும் சம்மதம். சம்மதம் என்று ஒரு சொல்லில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

உன் கடிதம் மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. ஹில்டா அம்மா குளிருக்குத் தப்பி மாசி மாதத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு பெரிய கப்பலில் வெயில் தீவுகளுக்குப் போகப்போகிறார் என்று வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பகலில் எதை உடுத்தாலும் பரவாயில்லை, இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரும் நீளமாக, நன்றாக உடுத்தி வரவேண்டுமாம், உன்னிடம் சாம்பல் நிறத்திலும் கறுப்பிலும்தான் உடுப்பு இருக்கிறதாம், நீ அறையிலேயே இருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொன்னாயாம், அப்படியானால் நானும் மேசைக்குப் போகமாட்டேன் என்று அந்த அம்மா பிடிவாதமாக நிற்கிறாராம். இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, உன் பெயருக்கு மேலே இருந்த ஒடுங்கின இடத்தில் சின்னதாக, அப்பா நான் இனிக் கலர் உடுத்தினால் பிழையா, மாமி என்ன நினைப்பா என்று கேட்டிருந்தாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதைத் திரும்ப வாசித்தேன். ரபாயேல் தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு ஓட்டிப்போன லொறி கண்ணிவெடியில் அகப்பட்ட நாளிலிருந்து நீ கலர் உடுத்தவில்லை. உடுத்தாதே என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை, உடுத்து என்றும் யாரும் சொல்லவில்லை. சீமைக்குப் போனால் மாறுவாய் என்று பார்த்தேன், நீ அனுப்புகிற படங்களில் வீடும் மரமும் மாறியதே தவிர உடுப்பு மாறவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பாள், தகப்பன் வாயால் இதை எப்படிக் கேட்பது. இப்போது நீயே கேட்டுவிட்டாய், அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் பதில் சொல்ல நான் மட்டும் போதாது, அவனைப் பெற்ற உன் மாமி யட்டவத்தவில் இருக்கிறார்.

அடுத்த நாளே பஸ் ஏறினேன். மாமியிடம் எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சண்டை நிறுத்தம் வந்து வெடிச்சத்தம் நின்று ஒரு மாதமாகப் போகிறது, அங்கே டீவியில் நீயும் பார்த்திருப்பாய். எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டிய செக்பொயின்டில் அன்றைக்கு பஸ் நிற்கவே இல்லை. நான் பழக்கதோசத்தில் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தேன், பக்கத்தில் இருந்த சிங்களப் பொம்பிளை அதைப் பார்த்துச் சிரித்து, இனி வேண்டாம் மாத்தயா, பொக்கட்டில் போடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பொக்கட்டில் போட்டேன், ஆனாலும் மேலே கையை வைத்தபடியேதான் போனேன்.

மாமி வீட்டு வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மிளகு விளைச்சலைப் பற்றிக் கேட்டேன், மழையைப் பற்றிக் கேட்டேன், அந்தப் பக்கத்துச் சுவாமியாரின் சுகத்தைக்கூடக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சம்பந்தி, மிளகு வெசாரிக்க நீங்க பஸ் ஏறி வரல. புள்ளைக்கி என்ன? சொகமில்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இழுக்க முடியவில்லை. கப்பலைச் சொன்னேன், இரவுச் சாப்பாட்டைச் சொன்னேன், கடைசியில் நீ சின்னதாக எழுதியிருந்ததையும் சொன்னேன். மாமி மிளகைக் கையால் இப்படியும் அப்படியும் பரப்பினார், பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளையை முழுதாக மண்ணில் வைக்கவும் கொடுத்து வைக்காத தாயிடம் வந்து மருமகள் கப்பலில் உடுத்துகிற சேலையைப் பற்றிப் பேசிவிட்டேனே, இந்த மனிசி இனி என் முகத்தில் முழிப்பாரா என்று நினைத்தேன். சொல்லாமல் போய்விடலாம் என்று குடையைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது கதவு திறந்தது. மாமி வெளியில் போகிற சேலை கட்டி, கையில் பேக்கோடு நின்றார். "ஜுனைதீன் கட எத்தன மணிக்கிப் பூட்டுவாங்க? வாங்க, இந்த மிளக உள்ள அள்ளிப் போடுவோம், மழ வரும்" என்றார். நானும் குடையைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதி வழியில், "அவ அனுப்புற போட்டோவப் பாக்குறப்ப எல்லாம் எம்மகன் இன்னொரு தடவ செத்துப்போன மாதிரி இருக்கும் சம்பந்தி. நல்லா உடுத்தும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். சொன்னா, இவளுக்கு மகன் நெனப்பு அத்துப் போச்சுன்னு நீங்க எண்ணிருவீங்களோன்னு இருந்துட்டேன்" என்றார். நான் அவர் என்ன நினைப்பாரோ என்று இருந்தேன், அவர் நான் என்ன நினைப்பேனோ என்று இருந்தார், நீ எங்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் இருந்தாய். அதை அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், நான் கொண்டக்டரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி உடுப்பைப் பற்றி எழுதுகிறேன், கவனமாக வாசி, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கடையில் முதலாளியும் அவர் மனைவி ஸுபைதாவும் றமீஸாவும் இருந்தார்கள். நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் துரைமார் கிளப்பில் கிளாக்கராக இருந்தவன் அல்லவா, அங்கே இரவு விருந்துக்குத் துரைசாணிமார் தரையைக் கூட்டுகிற மாதிரி நீளமாக உடுத்தி முழங்கை வரை வெள்ளைக் கையுறை போட்டு வருவார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். மாமி, "அந்தத் தொரசாணிங்க எல்லாம் செத்தே எத்தன காலமோ, நீங்க செத்த உக்காருங்க சம்பந்தி" என்று எனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டார். முதலாளி முதலில் பளபளவென்று பாசிமணி தைத்த துணி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மாமி அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அந்தக் கிழவியை நீ அணைத்துத் தூக்கி நாற்காலியில் இருத்தும்போது முகத்தில் கீறிவிடும் என்று தள்ளி வைத்தார். ஒவ்வொரு இரவும் சேலைதான் கட்டட்டுமே என்று நான் சொன்னேன். "முந்தான தள்ளுற நாக்காலிச் சில்லுல மாட்டுனா கெழவியும் விழும், இவளும் விழுவா" என்றார், அதுவும் சரியாகத்தான் பட்டது. றமீஸா, "வெளியதான் வெயில், அங்கிள். உள்ள சாப்புடுற எடத்துல ஏசி போட்டு நடுங்க வச்சிருவாங்க. கை நீளமா இருந்தாத்தான் டொறீன் அக்காவுக்குச் சரி வரும்" என்றாள். ஆகவே தினசரிக்கு இரண்டு நீளப் பாவாடை, கரண்டை வரைக்கும், தரையில் படாது, துணி மெல்லிசு, மடித்து வைத்தாலும் கசங்காது, ஸ்திரிக்கைப் பெட்டிக்கு அலையத் தேவையில்லை. அதற்கு மேலே போட நீளக்கை சட்டை. பாவாடைப் பக்கத்தில் தெரியாத மாதிரி ஒரு பொக்கட் வைத்திருக்கிறது, அந்த அம்மாவின் மருந்துக் குளிசை வைக்க.

கலர் எடுக்கத்தான் நேரம் போனது. கத்தரிப்பூக் கலரில் அழகான துணி ஒன்று இருந்தது, நான் அதைக் காட்டினேன், மாமி ஒரே பார்வையில், "தவக்காலத்துல பீடத்துக்குப் போடுற துணி மாதிரி இருக்கு, வேணாம்" என்று சொல்லிவிட்டார். மயில் கழுத்துப் பச்சையில் ஒன்றும், நல்ல பழுத்த மாம்பழ மஞ்சளில் ஒன்றும் எடுத்தார். கடைசியில் ஒரு சேலையும் இருக்கட்டும், அந்தக் கப்பலில் நாற்காலி தள்ள ஆட்கள் இருப்பார்கள், ஒரு நாளைக்காவது பிள்ளை கையை வீசி நடக்கட்டும் என்றார். முதலாளி சுவர்த் தட்டில் இருந்து ஒவ்வொன்றாக இறக்கினார், அவற்றோடு ஒரு சிவப்பு ஜோர்ஜட் சேலையும் வந்துவிட்டது. ரபாயேலை அவருக்கு நன்றாகத் தெரியும், லொறியில் அவருக்கும் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறான், சிவப்பைப் பார்த்ததும் அவர் கை தயங்கியது, மெதுவாக அதை அடியில் தள்ளப் பார்த்தார். மாமி அதை இழுத்து எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் தோளிலேயே போட்டுக்கொண்டு திரும்பி, "அவளுக்கும் என் நெறந்தான். எப்புடி இருக்கு?" என்று கேட்டார். ரோட்டில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். முதலாளி வேறு ஒன்றும் காட்டவில்லை, தாளை எடுத்துச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

தைத்தது ஸுபைதா. உன் அளவு இல்லாமல் நான் அலுமாரியில் கிடந்த உன் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தில் மெலிந்து தெரிகிறாய் என்று மாமியும், இல்லை அது குளிர் உடுப்பின் தோற்றம் என்று நானும் வாதாடினோம், ஸுபைதா எங்களைப் பேசவிட்டு, உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார், பிரித்து விட்டுக்கொள்ளலாம். உயர்ந்த குதிக் காலணி வாங்காதே, கப்பல் ஆடும். சேலையை மூன்று இடத்திலாவது ஊசி குத்திக்கொள், கடல் காற்று சொல்லிவிட்டு வராது. கப்பல் ஏறுகிற துறைமுகத்தில் குளிராகத்தான் இருக்கும், மேலே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போ, அழகுக்காக அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிடாதே. நீ கப்பலில் இருக்கும்போது தவக்காலம் தொடங்கிவிடும், வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம், மீன் கிடைக்காமலா போகும்.

முதலாளி தன் வான் வண்டியிலேயே றமீஸாவை ஏர்போட்டுக்குக் கூட்டிப்போனார். பார்சலைத் தைத்து மூடவா வேண்டாமா என்று எனக்கு யோசனை, இத்தனை காலமும் வழியில் பிரித்துக் காட்ட வேண்டும் என்று எதையும் திறந்தபடியேதானே அனுப்பினோம். முதலாளி, தைங்க ஐயா, வாரது வரட்டும் என்றார். தைத்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்து, கொழும்பு வரைக்கும் ஒருவரும் கைவைக்கவில்லை, ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினார்கள், அதுவும் ஒரு ஆமிப் பொடியன் முன் லைட்டை அணைக்கச் சொல்லத்தான் என்று சொன்னார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. நேற்று இவ்வளவும் எழுதி ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. இன்றைக்குக் காலைப் பூசைக்கு மாமி யட்டவத்தவில் இருந்து இங்கே எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார். நான் முதலில் ஆளை அடையாளம் காணவில்லை. நீலத்தில் சின்னச் சின்னப் பூப்போட்ட வொயில் சேலை. மாமா செத்த பிறகு அவரை வெள்ளையைத் தவிர வேறு எதிலும் நான் கண்டதில்லை, எப்போது போய் எடுத்தார் என்றும் தெரியாது, முதலாளியும் மூச்சு விடவில்லை. நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வரும்போது இரண்டு பக்க வாங்கு வரிசையிலும் இருந்தவர்களின் தலைகள் திரும்பின. பூசை முடிந்து வெளியே வந்து நேராக என்னிடம்தான் வந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் சம்பந்தியம்மா என்று நான் மெதுவாகச் சொன்னேன். "பாக்கட்டும். நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

முதல் நாள் இரவே சிவப்பைக் கட்டு மகளே, கடைசி நாளுக்கு என்று வைத்துக்கொண்டு இராதே. ஹில்டா அம்மாவை உனக்குப் பக்கத்தில் இருத்திப் படம் பிடித்து அனுப்பு, இரண்டு பிரதி வேண்டும், மாமி தன்னுடையதை இப்போதே கேட்டுவிட்டார். கரை சேர்ந்ததும் மறக்காமல் போன் எடு. ஆண்டவரும் கடலின் விண்மீனாகிய மாதாவும் போகும் வழியிலும் வரும் வழியிலும் உன்னைக் காத்து, சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மேல் பட்சமுள்ள அப்பா
சூ. இராயப்பன்