படத்தில் இருக்கும் அம்மா

பெர்காமோ,
3 ஏப்ரல் 1826

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் செலஸ்தா ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது. வியாழக்கிழமை வண்டியில் வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோளக்களி தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் ஓவியத்தைத் தினமும் துடைக்கிறேன். கையிலுள்ள இசைத்தாள், நீலப் பட்டு, வழவழப்பான கன்னம், எல்லாம் மனப்பாடம். "ஏண்டி, படமா எறங்கி வந்து பாத்திரம் கழுவும்?" என்று ப்ரிஜிதா அத்தை ஏசுகிறார்.

நாலு வயதில் நீங்கள் அத்தையிடம் விட்டுப்போன என்னை உங்களுக்கு அடையாளம் தெரியாது, பதினாறு முடிந்துவிட்டது. கவலை வேண்டாம், நானே கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள்
செலஸ்தா

மிலான்,
8 ஏப்ரல்

கண்ணே செலஸ்தா,

நான் வந்தேன். கடைசியாக இறங்கினேன். செத்துப்போன உன் அப்பாவின் அதே அகன்ற நெற்றி உனக்கு. பார்த்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது. நீயே ஓடிவந்து கேட்டாய்: "அம்மா, இந்த வண்டில பாடகி ஒர்தென்சியா வந்தாங்களா? ரொம்ப அழகா இருப்பாங்க."

அம்மா என்றுதான் கூப்பிட்டாய், வழியில் போகிற யாரையோ கூப்பிடுவதுபோல.

"இல்லம்மா, வரலை" என்றேன். அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

போன குளிர்காலம் லிஸ்பனில் அம்மை போட்டது. உனக்கு எழுத மனம் வரவில்லை. முகமெல்லாம் தழும்பு. நாடக அரங்குக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள், தாங்கிக்கொண்டேன். உன் கண் என்னைத் தாண்டி வண்டிக்குள் தேடியதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஓவியத்தை நீயே வைத்துக்கொள். உனக்குப் பிடித்த அம்மா அவள்.

உன்னைப் பெற்ற
ஒர்தென்சியா

பெர்காமோ,
11 ஏப்ரல்

அம்மா,

கடிதத்தைப் படித்து அத்தையும் நானும் அழுதோம். பிறகு எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளிடம் "வரலை" என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அன்று மழை கொட்டும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

அந்தப் படத்திடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தை பதில் கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து என் அம்மா என்னிடம் பேசியது அந்த "இல்லம்மா" ஒன்றுதான். பொய்யாக இருந்தாலும் அது எனக்கு வேண்டும். இன்னும் வேண்டும்.

இந்த வியாழக்கிழமையும் நிற்பேன். யாரிடமும் பேர் கேட்க மாட்டேன். இறங்குகிற பெண்களையெல்லாம் வரிசையாகக் கட்டிக்கொள்ளப் போகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

"பைத்தியக்காரி, இரு, நானும் வர்றேன்" என்கிறார் அத்தை.

உங்கள்
செலஸ்தா