மதகோரம் நான் போட்ட கூச்சல்

மச்சான்,

ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போகிறேன். இன்று காலை ஜீப்பைக் கழுவினேன். பின் சீட்டுக்கு அடியில் உன் பாம்புக் கொக்கி துருப்பிடித்துக் கிடந்தது. நம் நாடகத்துக்கு அதை என்றைக்கு நீ எடுத்தாய்?

விலங்கியலில் பட்டம் வாங்கிய நான் உத்திரமேரூர் ஏரிக்கு வருகிற பட்டணத்து ஜனங்களுக்கு வழிகாட்டி. நம் கூழைக்கடா ஒரே வாயில் ஒரு வண்டி மீனை விழுங்கும் என்பேன். ஆந்தை மூன்று பாஷை பேசும் என்பேன். "தெலுங்கு மட்டும் கொஞ்சம் வீக்கு" என்று, பாம்பு பிடிக்க என்னோடு வருகிற நீ பின்னாலிருந்து திருத்துவாய்.

மதகோரக் கல்குவியலில் வெள்ளிக்கோல் வரையன் ஒன்று குடியிருந்தது. விஷமில்லாதது, பார்க்க அசல் கட்டுவிரியன். நீ அதை வெறுங்கையால் தூக்குவாய். "ஐயோ, கட்டுவிரியன்!" என்று ஏரி நடுங்கக் கத்துவேன். "செத்தேன்டா சாமி!" என்று நீ சாய்வாய். கூட்டம் அலறி ஓய்ந்ததும் பாடம் எடுப்பேன்: வளையம் வளையமான வெள்ளைக் கட்டு கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கினால் வரையன், கழுத்து வெறுமையாக இருந்தால் விரியன். யாரும் பாம்பைத் தொடாதீர்கள் என்று முடிப்பேன். என்ன யோக்கியதை!

அன்று காலையும் நீ கல்லுக்குள் கை விட்டாய். உன் பக்கம் வால். சட்டை உரிக்கும் நேரம், கட்டெல்லாம் மங்கிக் கிடந்தது. தலை என் பக்கம். கழுத்து வெறுமை.

"ஐயோ, கட்டுவிரியன்!" என்று அதே கத்தலைக் கத்தினேன்.

நீ இழுத்துத் தூக்கிக் காட்டி, "செத்தேன்டா சாமி!" என்று சாய்ந்தாய். கூட்டம் கைதட்டியது.

"டேய், நெஜமாவே விரியன்டா! உட்றா!"

"இன்னா மாமா, இன்னிக்கு ஆக்டிங் தூக்கலா கீது?"

அது உன் விரலைத் தொட்டுவிட்டுக் கல்லுக்குள் போனது. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்றாய். ஜீப்புக்கு இழுத்தேன், கையை உதறினாய். "ஜனம் பாத்துக்கினு கீது, பாடத்த முடி மாமா." அரை மணி நேரம் கெஞ்சினேன். நான் கெஞ்சக் கெஞ்ச நீ சிரித்தாய். பிறகு உன் இமைகள் தாமாக இறங்கின. அவற்றை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அப்போதுதான் நம்பினாய்.

வேறு நாளாக இருந்தால் ஜீப் பறந்தது என்று அளப்பேன். அன்று அது ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

உன் பெண்டாட்டி கேட்டாள்: "நீ கூடத்தானே இருந்த? சொல்லலியாண்ணா?"

"சொன்னேம்மா. கத்தினேன்."

"நீ இன்னா வேணா சொல்லுவண்ணா."

அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. இப்போதும் ஏரிக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன், கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும். கல்குவியல் பக்கம் மட்டும் யாரையும் கூட்டிப்போவதில்லை.

ஆயுசுக்கும் நான் அளந்ததில் அன்று கத்திய அந்த ஒரு வார்த்தை மட்டும் நெஜம், மச்சான்.