கோப்பிலுள்ள ஒரு வரியை நீக்கக் கோருவது

அனுப்புநர்:
பதினேழாம் படுக்கை நோயாளியின் மனைவி,
தையற்கடையில் துணி வெட்டுபவர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருந்து ஆய்வு நெறிமுறைக் குழு,
பொது மருத்துவமனை.

பொருள்: ஆறாப் புண்ணுக்கான புதிய களிம்பின் ஆய்விலிருந்து, செய்யாத தவறுக்காக என் கணவர் நீக்கப்பட்டது – கோப்பைத் திருத்தி, அவரது காலை வெட்டி எடுக்குமுன் மறுபரிசோதனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பேருந்து ஓட்டுநர். இருபது வருடம் பிரேக் மிதித்த அவரது வலது பாதத்தில், சர்க்கரை நோயால் வந்த புண் பதினான்கு மாதமாக ஆறவில்லை. தங்கள் மருத்துவமனையின் களிம்பு ஆய்வில் எங்களைச் சேர்த்துவிட்டவர், அங்கே ஆய்வு உதவியாளராகப் பணிபுரியும் என் உடன்பிறந்த தம்பி. படிவத்தை நாங்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பி சொன்னால் போதாதா என்று இருந்துவிட்டோம்.

2. கிருமியைக் கொல்லும் புரதத் துணுக்கை அப்படியே பூசினால் புண்ணில் ஊறும் நீரே அதைச் சிதைத்துவிடுமாம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்குள் வைத்து, பொட்டலம் கட்டுவது போல உள்ளே அனுப்புகிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். மருந்து நன்றாகவே வேலை செய்தது. வாரம் ஒருமுறை, கட்டுத்துணி உறையின் சுத்தமான கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து அதன் விளிம்பை வரைந்தேன்; பிறகு பட்டர் பேப்பரில் படியெடுத்துத் தேதி போட்டேன். அளவெடுக்காமல் எதையும் நம்பாத தொழில் என்னுடையது. முதல் வாரம் நான்கு சென்டிமீட்டர். ஒன்பதாம் வாரம் சட்டைப் பொத்தான் அளவு. அன்று என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே காற்றில் பிரேக் போட்டுக் காட்டினார்.

3. பத்தாம் வாரம், ஒரு மாதத்துக்கான களிம்பைத் தம்பியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளோடு ஒட்டிக்கிடந்த குழாய்கள் கல் போலிருந்தன. "என்னடா, இப்படி இறுகிக் கிடக்கு?" என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் வெளியில வை அக்கா, இளகிடும்" என்றார். இளகிய களிம்பு மணல் மணலாக நெருடியது. கேட்டதற்கு, புதுச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். என் கையாலேயே பூசினேன்.

4. பதின்மூன்றாம் வாரம் புண் ஐந்து சென்டிமீட்டர், ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. டாக்டர் காரணம் கேட்டபோது, கோப்பைக் கையில் வைத்திருந்த தம்பி, "மாமா செருப்பில்லாம நடந்திருக்காரு டாக்டர்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பதறிப்போய்ச் சொல்லிவிட்டான், இரவு வீட்டுக்கு வந்து அழுவான், மறுநாள் உண்மையைச் சொல்வான் என்று நம்பி நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் வரவேயில்லை.

5. அதன் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளைப் பிரித்துப் படித்தேன். உறைந்தால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்படி உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாள் தம்பிக்குத் தெரியாததல்ல. மற்ற நோயாளிகளுக்கு அதைப் படித்துக் காட்டுவதே அவர் வேலை.

6. கோப்பில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை, ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தை ஸ்லேட்டில் கை பிடித்துப் பழக்கியவள் நான். போனில் கேட்டபோது, "உனக்கு நான் முக்கியமா, ஒரு வரி முக்கியமா அக்கா?" என்றார். அந்த ஒரு வரியால்தான் மருந்து நின்றது. வரும் 23ஆம் தேதி அவரது காலை வெட்டி எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள்.

7. இம்மனுவில் கையொப்பமிட என் கணவர் மறுத்துவிட்டார். "விடும்மா, சின்னப் பையன், வேலை போயிடும்" என்கிறார். கால் போனால் தன் வேலையும் போகும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். எனக்கு மறக்கவில்லை.

8. ஆகவே, அந்த வரியை நீக்க வேண்டும். மீதமிருக்கும் இரண்டு குழாய்களையும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். வேறொரு மருத்துவர் என் கணவரின் காலைப் பார்த்து, நல்ல மருந்துக்கு இன்னும் இடமிருக்கிறதா என்று 23ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். இடமில்லை என்று அவர் சொன்னால், அதையும் என்னிடம் நேராகச் சொல்லட்டும். தம்பியை என்ன செய்வது என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள். அதை யோசிக்கும் தெம்பு எனக்கில்லை.

9. கடைசியாக ஒன்று. ஆய்வுப் படிவத்தில் 'அவசரத்திற்குத் தொடர்புகொள்ள வேண்டிய நம்பகமான நபர்' என்ற ஒரு இடத்தில் மட்டும், இருவருமாக யோசித்துத் தம்பியின் பெயரை எழுதியிருக்கிறோம். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இம்மனுவுக்கான பதிலையும் அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். நான் படுக்கைக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறேன்.

இணைப்பு: தேதியிட்ட பட்டர் பேப்பர் தாள்கள் 13, குறிப்புத் தாள் 1, களிம்புக் குழாய்கள் 2.

நாள்: மார்ச் 14
இடம்: அறுவைச் சிகிச்சைப் பிரிவு, இரண்டாம் தளம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பதினேழாம் படுக்கை நோயாளியின் மனைவி