நெஞ்சுவலிக்கு ஒரு சூயிங்கம்

பிப்ரவரி 3, திங்கள்

பாறசாலை டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு மேசை மாடியில். படி ஏறினால் நடு நெஞ்சில் யாரோ ஒரு பெட்டி டைல்ஸை இறக்கி வைத்தது போல இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் போய்விடுகிறது.

பிஜியிடம் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னைக் கட்டிலில் கிடத்தி, என் மாமியாரைக் காவலுக்கு வைத்துவிடுவாள். அவளுடைய டீச்சர் வேலைக்காக விருதுநகரை விட்டுக் கேரள எல்லையில் உள்ள குளத்தூர் வந்து ஒரு வருஷம். அங்கே சைக்கிளில் ஊரைச் சுற்றினேன்; இங்கே அவள் ஸ்கூட்டரில் கடை வாசலில் இறக்கி விடுகிறாள். நெஞ்சு என்று ஒன்று இருப்பதே அங்கே தெரியாது. எல்லாவற்றிலும் தேங்காய் போட்டால்? — இதையும் பிஜியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் இலவச மருத்துவ முகாம். பிஜி டீ ஊற்றிக்கொண்டிருந்த சமயம் பார்த்து நைசாக வரிசையில் நின்றேன். டாக்டர் கோட்டயத்துக்காரர், தமிழ் தெரியாது. அதனாலென்ன? தமிழைக் கொஞ்சம் இழுத்தால் மலையாளம்.

"வலிக்காறுண்டோ?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்!

"உண்டு டாக்டர்."

"திவசம் எத்ர?"

"நாலஞ்சு. தினமும் மாடிக்குப் போறப்ப."

"நிர்த்தணம், கேட்டோ."

"அதை நிறுத்தத்தானே டாக்டர் வந்திருக்கேன்!"

சந்தோஷமாக என் தோளில் தட்டினார். "வேதன வல்லதும் உண்டோ?"

உடம்போடு விடாமல் மனசையும் விசாரிக்கிறாரே! "ஒரு வேதனையும் இல்ல டாக்டர். நல்ல மனைவி. மாமியார்கூடப் பரவாயில்ல."

ஈசிஜி நார்மல். மருந்து என்ன தெரியுமா — சூயிங்கம்! தோன்றும்போதெல்லாம் ஒன்று மெல்ல வேண்டுமாம். மருத்துவத்தில் கேரளா எங்கேயோ போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மென்றுகொண்டே மாடி ஏறினேன். வலியோடு இப்போது தலைசுற்றலும் விக்கலும். மருந்து வேலை செய்கிறது போல.

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினமாம். வீட்டுக்குள் நுழைந்ததும் பிஜி என் சட்டையில் முகம் வைத்து மூச்சை இழுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல்முறை.

பிப்ரவரி 16, ஞாயிறு

குடும்ப ஜெபத்தில் மாமியார் ரத்னபாய் உருகிவிட்டார். "ஆண்டவரே, பொகையில கெடந்து வேகுத ஒரு ஆத்துமா இந்த வீட்டுல உண்டு. அதை மீட்டெடும்." நான் பலமாக ஆமென் சொன்னேன். மச்சினன் ஜெயன் போன வருஷம்தான் சிகரெட்டை விட்டான். பாவம், மறுபடி ஆரம்பித்துவிட்டான் போல. மாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். ஏன்?

பிப்ரவரி 18, செவ்வாய்

பிஜி சூயிங்கம் அட்டையை என் முன்னால் போட்டாள். "போன வாரமே சட்டைய தொவைக்கப்போ கெடச்சுது. ஜெயன் சிகரெட்ட விடுததுக்கு மென்ன கம்மாக்கும் இது. எனக்குத் தெரியாதுண்ணு நெனச்சியளா? எத்தற நாளா?"

மாட்டிக்கொண்டேன். "ரெண்டு மாசமா."

"கொள்ளாம்! ஒரு நாளைக்கு எத்தற?"

"நாலஞ்சு. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

"எங்க வச்சு?"

"கடை மாடிப்படியில. நடு நெஞ்சுல."

அவள் முகம் மாறியது. "நெஞ்சுலயா? என்ன சொல்லுதிய?"

"வலிதான். டாக்டரே முதல்ல அதைத்தானே கேட்டாரு, வலிக்காறுண்டோன்னு."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்க ஆண்டவரே! சிகரெட் வலிக்கது உண்டாண்ணு கேட்டதாக்கும் மனுஷா அது!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வேதனை என்று அவர் கேட்டதுதான் வலியாம். ஆகமொத்தம், நான் தினமும் புகைக்கிறேன், வலியே கிடையாது — டாக்டரிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜெயன் காரோடு வாசலில் நிற்கிறான். பிஜி பையில் துணி அடுக்குகிறாள். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

பிப்ரவரி 21, வெள்ளி

திருவனந்தபுரம், ஆஸ்பத்திரி. ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால்..." என்று இந்த டாக்டர் ஆரம்பித்தார், பிஜி முடிக்க விடவில்லை.

விருதுநகரிலிருந்து அண்ணன் போன். "எல்லாம் அந்த ஊர்த் தேங்காடா!" ஸ்பீக்கரில் கேட்ட மாமியார் விடுவாரா? "எங்க தேங்காய குத்தம் சொல்லப்பிடாது. எண்ணெயில பொரிச்ச பரோட்டா தின்னு வளந்த நெஞ்சாக்கும் அது. இல்லியா மக்கா?" எனக்கு நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழி. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் அது செல்லுபடியாகிறது.

டாக்டரிடம் தீர்ப்புக் கேட்டாள் பிஜி. அடைப்பு ஒரு வருஷத்தில் வருவதில்லையாம். பரோட்டா தின்றது அங்கே, சைக்கிளை விட்டது இங்கே. இரண்டு ஊருக்கும் பங்கு உண்டாம். மாமியாருக்குத் திருப்தியில்லை.

மார்ச் 28, வெள்ளி

மறுபரிசோதனை. "வலிக்காறுண்டோ?" என்று டாக்டர் தொடங்கியதும் பிஜி என் வாயைக் கையால் பொத்திவிட்டாள். சிகரெட்டும் இல்லை, நெஞ்சுவலியும் இல்லை என்று மலையாளத்தில் அவளே விவரமாகச் சொன்னாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதனை உண்டா?" என்றாள். எந்த மொழியில் கேட்டாள் என்று தெரியவில்லை.

இல்லை என்றேன். இரண்டு மொழிக்கும் அதுதான் பதில்.