அந்த இருமல் யாருடையது

சனி. காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை.

பேசாமல் இருந்தது போதும். இருபது வருடம்.

ராகவனும் நானும் திருவேட்டக்குடிக் கரையில் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படம். கதை கிடையாது. கிளம்ப மறுக்கும் ஒரு படகு இன்ஜின், ஈர மணல், அவ்வளவுதான். கேமரா அவன், ஒலி முழுக்க நான். பதிவின் நடுவில் இருமிவிட்டேன். ஒரு வாரம் திட்டினான். கடைசியில் இருமலை வைத்துக்கொண்டான், என் பெயரை எடுத்துவிட்டான்.

இப்போது அதே ஊர்ப் பெண் கயல், அந்த ஒலியை அவனிடம் வாங்கி ராப் பாட்டு செய்திருக்கிறாளாம். நாளை தருமபுரத்தில் அந்தப் பாட்டின் திரையிடல். ரா. பேசுகிறான்.

எடுத்துப் போக: குடை, கண்ணாடி, பழைய கேசட். சாட்சிக்கு.

ஞாயிறு. புழுக்கம்.

பின்வரிசை. குறை சொல்லத்தான் போனேன். முடியவில்லை. பாட்டில் தாளக்கருவியே இல்லை. இன்ஜின் கயிற்றை இழுக்கும் சத்தம், அது அணையும் இடத்தில் என் இருமல். திரும்பத் திரும்ப. அதன் மேல் அவள் வீட்டில் பேசுவது போலப் பேசுகிறாள்: படகு கிளம்பாத நாளில் அப்பாவிடம் யாரும் ஏன் பேசமாட்டார்கள் என்று. எங்கள் படத்தில் இன்ஜின் கடைசியில் கிளம்பிவிடும். அவள் அதற்கு முன்பே வெட்டிவிட்டாள். எங்களுக்கு இல்லாத துணிச்சல்.

ரா. மேடையில்: “அந்த இருமல் ஒரு மீனவரோட நுரையீரல்ல தேங்கின உப்பு. தேடிப்போய்ப் பதிவு பண்ணது.”

கைதட்டல். எனக்குத் தொண்டை கமறியது. அடக்கிக்கொண்டேன். ஏன் அடக்கினேன்?

வாசலில் கயல் யாரிடமோ: “அந்த இருமல் இல்லேன்னா பாட்டே இல்லைங்க. அப்படியே எங்கப்பா.”

கேசட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

திங்கள். மழை. இருமல் மருந்து தீர்ந்தது.

ஊர் முகநூல் குழுவில் போட இரண்டு பக்கம் எழுதினேன். கேசட், ரா.வின் பொய், எல்லாம். சரிபார்க்கப் பாட்டைப் போனில் போட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வசந்தா நிமிரவில்லை.

“ஒங்க இருமல எதுக்குப் பாட்டுல போட்டுருக்காங்க?”

எப்படித் தெரியும் என்றேன்.

“இத்தன வருசமா பக்கத்துல படுத்திருக்கேன். தெரியாதாக்கும்.”

மாலை. ரா. பகுதியை முழுக்க அடித்து நீக்கினேன். மன்னிக்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்தால் அந்தப் பாட்டில் அவள் அப்பா இருக்கமாட்டார். ஓர் அலுவலகக் குமாஸ்தாதான் இருமுவான்.

மிஞ்சியது பாட்டைப் பற்றிய எட்டு வரி. நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் போடாமல் இன்றே பதிவிடுகிறேன்.